நாலு மட்டக்கம்பு தூரம்

மாஸ்க்கைக் கண்டுபிடித்த ஆள்மீது எங்கள் கவுன்சிலர் மிஸ்ஸுக்கு இருந்த கோபம் கொரோனாமீதுகூட இருந்ததில்லை. “கண்ணு மட்டும் தெரிஞ்சா அது ஆளா, ஆந்தையா?” என்று கேட்பார். கேட்கும்போது அவரும் மாஸ்க்தான் போட்டிருப்பார். நீலப் பூப் போட்ட துணி மாஸ்க். அதற்கு மேலே இரண்டு கண்களும் வட்டமாக, இமைக்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆந்தை என்றுதான் எனக்கும் பட்டது. சொல்லவில்லை.

முகத்தைப் பார்க்காமல் யார் சொல்வதையும் அவர் நம்ப மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று பேசும் பெண்களை வெளிச்சத்துக்கு வரச் சொல்வார். தலையைக் குனிந்து பேசுகிறவர் முன்னால் தானும் குனிந்து கீழேயிருந்து எட்டிப் பார்ப்பார். தேயிலை மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருமுறை கறுப்புக் கண்ணாடியோடு வந்து சுகம் விசாரித்திருக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றும்வரை மிஸ் பதிலே சொல்லாமல் நின்றாராம். கண்டாக்கு ஐயாவை அப்படி நிற்க வைத்த ஆள் எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஐம்பது வயது இருக்கும். குள்ளமான உருவம். கறுப்புக் குடை, கான்வாஸ் சப்பாத்து, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு கொப்பி, ஒரு பேனை, காலில் அட்டைப்பூச்சி ஏறினால் தேய்க்க ஒரு சவர்க்காரத் துண்டு. டவுனிலிருந்து தோட்டத்தில் எங்கள் டிவிசனுக்கு நான்கு கிலோமீட்டர். வியாழக்கிழமைதோறும் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் நடந்தே வருவார், நடந்தே போவார். அலுவலகத்தில் வாகனம் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்பார். வாகனத்தில் வந்தால் வழியில் இருக்கிற முகமெல்லாம் ஓடிப்போய்விடுகிறதாம். எவ்வளவு பெரிய மனசு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவருடைய பதவியின் சரியான பெயர் உளவளத்துணை உத்தியோகத்தர். இதை ஒரே மூச்சில் சொன்னவர் எங்கள் டிவிசனில் யாரும் இல்லை. கஷ்டப்பட வேண்டாம், கவுன்சிலர் என்றே சொல்லுங்கள் என்று மிஸ்ஸே சொல்லிக் கொடுத்துவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. பிரதேச சபை மெம்பரையும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கவுன்சிலர் என்றுதான் சொல்வார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர் ஜெயித்த பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. வர வெட்கப்பட்டு, பதிலுக்கு ஒரு அம்மாவை அனுப்பியிருக்கிறார் என்று எங்கள் வரிசை வீட்டு லயம் முழுவதும் முடிவாகிவிட்டது.

முதல் வியாழக்கிழமை, மலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். வாசலில் பெரிய வரிசை. மனசுக் கஷ்டம் இத்தனை பேருக்கா என்று மிஸ் ஆடிப்போயிருக்க வேண்டும். முதலில் போனவர் மூன்றாம் லயத்துப் பெரியவர் ஒருவர்.

“தகரம் ஒழுகுது மிஸ்.”

மிஸ் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். “ஒழுகும்போது ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்?”

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். இதுவரை எந்தக் கவுன்சிலரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

“நனையும் மிஸ்.”

மிஸ் கொப்பியைத் திறந்து ‘நனையும்’ என்று எழுதிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிறகு, “சொல்லுங்க, கேக்குறேன்” என்றார். பெரியவர் முக்கால் மணி நேரம் பேசினார். தகரத்தில் தொடங்கி, செத்துப்போன தம்பியில் போய் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தகரம் வருமா என்று கேட்டதற்கு, தெரியாது, ஆனால் நல்ல கவுன்சிலர் என்றார்.

அந்தக் கேள்விதான் அவருடைய ஒரே ஆயுதம். கழிவுத் தண்ணீர்க் கான் அடைத்துவிட்டது என்றாலும், மாமியார் பேசவில்லை என்றாலும், பன்றி வந்து மரக்கறிப் பாத்தியைக் கிளறிவிட்டது என்றாலும், ‘அப்ப ஒங்களுக்கு எப்பிடி இருந்திச்சு?’ என்பார். சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒருவன் வழுக்கி விழுந்தால் மற்றவர்கள் கை கொடுக்க மாட்டார்கள்; சுற்றி நின்று எப்படி இருந்தது என்று கேட்பார்கள்.

அந்த வரிசையில் நான் ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தகரம் ஒழுகவில்லை.

எங்கள் டிவிசனில் ஆட்டோ வைத்திருந்த ஒரே ஆள் நான். அந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு காலை, மாமனாரையும் ஒரு மூட்டை கோதுமை மாவையும் ஏற்றிக்கொண்டு டவுனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. முனியாண்டி கோயில் முடக்கில் திரும்பும்போது சக்கரம் வழுக்கி ஆட்டோ தேயிலைக்குள் இறங்கிவிட்டது. நான் ஒரு செடிமேல் கிடந்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மாமா, மாமா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் பனிக்குள்ளிருந்து தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஓர் உருவம் எழுந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது.

மாமா செத்து, அதற்குள் ஆவியாகவும் ஆகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூட்டை வெடித்து மா முழுவதும் அவர்மேல் கொட்டியிருக்கிறது. கண்ணில் மா போனதால் கையை நீட்டித் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். வாயிலும் மா, அதனால் பதில் இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. மாமா அன்றைக்கே குளித்துவிட்டு, மிஞ்சிய மாவில் ரொட்டி சுடச்சொல்லி நான்கு சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அந்த முடக்குப் பக்கம் ஆட்டோவைத் திருப்பினாலே எனக்கு மூச்சு அடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. முடக்கைக் கண்டு பயப்படுகிற டிரைவரை யார் மதிப்பார்கள்? காப்ரேட்டர் பழுது என்று சொல்லி ஆட்டோவைப் படங்குத் துணியால் மூடிவைத்தேன். நாலு பேர் பார்க்கிற நேரமாகத் துணியைத் தூக்கி, ஓர் ஆணியைக் கழற்றி, அதே ஆணியைத் திரும்பவும் பூட்டுவேன். மாமா தினமும் வந்து பக்கத்தில் குந்தி, எந்த ஆணியைக் கழற்ற வேண்டும் என்று யோசனை சொல்வார்.

அப்போது என் மனைவிக்கு நாலு மாதம். ஆஸ்பத்திரி டவுனில். டவுனுக்கு ஒரே ரோடு, அந்த ரோட்டில்தான் முடக்கு. குறுக்குப் பாதையில் வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏற்றி இறக்க முடியாது. அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். கழற்றிய ஆணியையே கழற்றுவதை அவள் கவனித்திருந்தாள். கவுன்சிலர் மிஸ்ஸிடம் போய்ச் சொல்லாவிட்டால் காப்ரேட்டர் கதையைத் தன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றாள். போனேன்.

மிஸ் சிரிக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. பயத்துக்கு ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் போடச் சொன்னார். நான் மூன்று என்றேன். மிஸ் என் முகத்தைப் பார்த்தார்.

“பொய் சொல்லும்போது ஒங்க மேலுதடு உள்ள போகுது தம்பி. மறுபடி சொல்லுங்க.”

“ஒம்பது மிஸ்.”

இப்படி இரண்டு வியாழக்கிழமை நடந்தது. முதல் வாரம் ஓடாத ஆட்டோவில் சும்மா உட்கார வேண்டும். அடுத்த வாரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு படியாக முடக்குவரை போகலாம், பிள்ளை பிறக்க முன்னம் தாண்டிவிடலாம் என்றார். மூன்றாவது வியாழக்கிழமை வருவதற்குள் நாட்டையே அடைத்துவிட்டார்கள்.

ஊர் அடங்கினாலும் தேயிலைக் கொழுந்து அடங்கவில்லை; ஆட்கள் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். நின்றுபோனது மிஸ்தான். இனி எல்லாரையும் போனில் விசாரியுங்கள் என்று அவருக்கு மேலேயிருந்து சொல்லிவிட்டார்களாம். எங்கள் டிவிசனில் போன் எடுபடுகிற இடம் ஒன்றே ஒன்று, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்துப் பாறை. அங்கே எந்நேரமும் பத்துப் பேர் இருப்பார்கள். என் மனசுக் கஷ்டத்தை அந்தப் பத்துப் பேர் நடுவில் நின்று சொல்ல வேண்டும்.

ஆனால் போனில் ஒரு வசதி இருந்தது. மேலுதடு தெரியாது. முதல் வாரம் ஆறு என்றேன். அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்த வாரம் இரண்டு. ஆட்டோவின் படங்கை நான் தொடக்கூட இல்லை. இவ்வளவு வேகமாகக் குணமான ஆளை மிஸ் தன் உத்தியோகத்தில் பார்த்திருக்க மாட்டார். அப்புறம், “இப்ப ஒங்க மொகம் எப்பிடி இருக்கு?” என்று கேட்டார்.

என்னிடம் கண்ணாடி இல்லை. கொழும்பில் இருக்கிற மகளோடு பேசுவதற்காகப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த அக்காவிடம், என் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, “கன்னத்துல சோறு ஒட்டிருக்கு” என்றார்.

“நல்லா இருக்கு மிஸ்” என்றேன் போனில்.

அடுத்த வியாழக்கிழமை காலை எங்கள் லயத்து வாசலில் ஒரு குடை வந்து நின்றது. எங்கேயோ போய், யாரையோ பிடித்து, பாஸ் வாங்கிக்கொண்டு, நாலு கிலோமீட்டரும் நடந்தே வந்திருந்தார். சப்பாத்துக்கு மேலே இரண்டு அட்டை. அதைக் கழற்றக்கூட இல்லை. “ரெண்டுன்னு சொன்னீங்களே தம்பி, அந்த மொகத்தப் பாக்க வந்தேன்” என்றார். எனக்கு வந்த வெட்கத்தில் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஆறடி தூரத்தில் நிற்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அளக்க ஒன்றும் இல்லை. என் மனைவி மட்டக்கம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொழுந்து எடுக்கும்போது மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கிற கம்பு அது, மூன்றடி இருக்கும். மிஸ் அதைத் தரையில் இரண்டு தரம் வைத்து அளந்து, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக நின்றோம். மாஸ்க் போட்டிருந்தோம். மேலுதடு தெரியாமல் ஒன்றும் பேச முடியாது என்று மிஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவரே ஒரு சட்டம் போட்டார். மாஸ்க்கைக் கழற்றினால் தூரம் இரண்டு மடங்கு. நாலு மட்டக்கம்பு.

நாலு மட்டக்கம்பு தூரத்தில் ரகசியம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? “நேத்து படபடப்பு வந்திச்சா?” என்று மிஸ் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த காம்பிரா அக்கா தன் வாசலிலிருந்து, “இல்ல மிஸ், நேத்து கொறட்ட விட்டுத் தூங்கினாரு” என்று பதில் சொன்னார். நல்லவேளை, அந்த நாட்களில் எல்லோருக்கும் படபடப்பு இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடத்தை மாற்றினோம். லயத்துக்குக் கீழே ஓர் ஓடை, பாறையிலிருந்து விழுந்து பெரும் சத்தத்தோடு ஓடும். நான்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கம்பு வைத்து அளந்தேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கணக்காக நாலு மட்டக்கம்பு. அந்தக் கரையில் மிஸ், இந்தக் கரையில் நான். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாலும் தண்ணீர்ச் சத்தத்தில் மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. அப்படித்தான் நினைத்தோம்.

“எத்தன?” என்று மிஸ் கத்துவார்.

“எட்டு!” என்று நான் கத்துவேன்.

மிஸ் என் முகத்தைப் பார்த்து, இப்போதுதான் வாயும் முகமும் ஒன்றையே சொல்கிறது என்று சந்தோஷப்படுவார். இரண்டு மூன்று வாரம் போனது. ஆட்டோவில் உட்கார்ந்தேன், ஸ்டார்ட் பண்ணினேன், பிள்ளைமடுவம்வரை ஓட்டினேன். காப்ரேட்டர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று மாமாவிடம் சொல்லிவைத்தேன். ஆனால் முடக்கு என்று வந்தால் எட்டுக்குக் கீழே ஒரு புள்ளி இறங்கவில்லை. மிஸ், அஞ்சுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பார். நான், முடியாது மிஸ், எட்டுத்தான் என்பேன். இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவோம்.

ஓடைக்கு மேலே ரோடு. கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிறவர்கள் அங்கே நின்று பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்டது எட்டும் அஞ்சும் மட்டும். கவுன்சிலர் ஒரு கரையில், நான் மறு கரையில், நடுவில் தண்ணீர். கீழ் லயம் முழுவதுக்கும் அப்போது ஒரே ஒரு பைப்புத்தான். ஒரு நாள் மாலை தோட்டத் தலைவர் எங்கள் வாசலுக்கு வந்து, என் கையைப் பிடிக்க வந்து, கொரோனா நினைவு வந்து, தன் கையையே பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒத்த ஆளா நின்னு எட்டுப் பைப்பு கேக்குறீங்க. அந்தம்மா அஞ்சுன்னு சொல்லுவாங்க. எறங்கிறாதீங்க.”

எனக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகும் நான் திருத்தவில்லை. திருத்தினால் காப்ரேட்டர் வெளியே வந்துவிடும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. வழியில் பார்க்கிறவர்கள் எட்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். யாரோ வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். மாமா என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

அடுத்த வியாழக்கிழமை மிஸ் மார்க் கேட்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கேட்டார். மாமாவைக் கூப்பிட்டுப் பதில் வராத அந்த ஐந்து நிமிடம் எப்படி இருந்தது என்று. நான் அதுவரை அதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆவி கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன், அதற்கு முந்திய ஐந்து நிமிடத்தைச் சொன்னதில்லை. மெதுவாகச் சொன்னேன். மிஸ் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்றார். இன்னொரு தரம் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் உடம்பில் இருந்த மூச்சு முழுவதையும் கூட்டிக் கத்தினேன்.

“மாமாவக் கொன்னுட்டேன்னு நெனச்சேன் மிஸ்!”

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். முப்பது பேர் இருக்கும். ஆளுக்கு ஆள் இரண்டு மட்டக்கம்பு இடைவெளி விட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, பைப்புக்காக எனக்குத் துணை நிற்க வந்திருந்தார்கள். ஒருவர் கையில் ‘எட்டு’ என்று எழுதிய காட்போட் மட்டை. முதல் வரிசையில் மாமா.

மாமா மட்டும் நாலு அடி முன்னால் வந்தார். மாஸ்க்கை இறக்கி, முகத்தை முழுவதாக எனக்குக் காட்டினார்.

“நா இங்கதான மாப்ள இருக்கேன். நல்லாப் பாத்துக்கங்க.”

நான் அழுதேன். முப்பது பேர் முன்னால், எட்டு என்று எழுதிய மட்டைக்குக் கீழே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். மாமா பக்கத்தில் வர முடியாமல் நின்ற இடத்திலேயே தவித்தார். கொஞ்ச நேரம் கழித்து, அழுகை அடங்கியது என்று தெரிந்த பிறகு, மெல்லக் கேட்டார்.

“அப்ப காப்ரேட்டரு நல்லாத்தான் இருக்கா?”

தலைவருக்கு மட்டும் ஏமாற்றம். அப்படியானால் பைப்பு என்ன ஆனது என்று மிஸ்ஸிடம் கேட்டார். தான் அந்தக் கவுன்சிலர் இல்லை என்பதை மிஸ் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிகிற மாதிரிக் கத்திச் சொன்னார். ஆனாலும் பைப்பு இல்லாமல் எப்படி இருக்கிறது என்று அங்கேயே நின்று முப்பது பேரிடமும் கேட்டு எழுதி, உண்மையான கவுன்சிலருக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்ததோ தெரியாது, இரண்டு பைப்பு வந்தது.

எனக்கு எட்டு ஆறானது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் ஆட்டோவை எடுத்தால் ரோட்டோரம் ஆட்கள் நின்று, தேர் வருகிற மாதிரி வழி விட்டார்கள். முடக்குக்குப் பத்தடி முன்னால்வரை போவேன். அங்கே என் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும். திரும்பி வருவேன். மாதம் நெருங்க நெருங்க எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. அதை ஓடைக்கரையில் சொன்னபோது மிஸ் ஒரு விஷயம் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறாராம். சின்ன வயதில் ஒரு பஸ் புரண்டதில் உள்ளே இருந்தவராம். இந்த வயதிலும் வாகனம் ஒரு முடக்கில் திரும்பினால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிடுவாராம். அவரோடு பார்த்தால் நான் எவ்வளவோ மேல் என்றார். எனக்கு அந்த ஆளை நினைத்துப் பாவமாக இருந்தது. அவர் யாரிடமாவது போய்க் காட்டினாரா என்று கேட்டேன்.

“அவங்க மொகத்தக் காட்ட மாட்டாங்க தம்பி” என்றார் மிஸ்.

மிஸ் அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். வட்டகொடை ஸ்டேசன்வரை நடந்தே போய் ரயில் ஏறினார். தகரத்துக்காரப் பெரியவர் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனார். இப்போது வருகிறவர் காரில் வருகிறார். நல்ல மனிதர்தான், எங்கள் முகத்தைப் பார்ப்பதைவிடத் தன் போனை அதிகம் பார்க்கிறார். என் மகள் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள். முடக்கைத் தாண்டித்தான் தினமும் கொண்டுபோய் விடுகிறேன். மிஸ்ஸை நினைத்தால் ஓடையும் மட்டக்கம்பும் வருவதற்கு முன்னால் எனக்கு மகள் பிறந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

அதுவும் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி. மிஸ் வந்து வாசலில் நின்று அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என் மனைவிக்கு வலி வந்துவிட்டது. சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அம்புலன்ஸ் வேறு தோட்டத்துக்குப் போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று பாறையிலிருந்து ஓடி வந்து சொன்னார்கள். நான் படங்கை இழுத்து எறிந்தேன்.

“எத்தன தம்பி?” என்றார் மிஸ்.

“பத்து மிஸ்.”

“பத்தாவே இருக்கட்டும். அதையும் ஏத்திக்கிட்டுப் போங்க.”

மனைவி பின் சீட்டில் ஏறினாள். மிஸ்ஸும் வர வேண்டும் என்றாள். அப்போதுதான் நான் மிஸ்ஸின் கண்களைக் கவனித்தேன். அந்தக் கண்கள் முதல் தடவையாக எங்களைப் பார்க்காமல் ஆட்டோவின் டயரைப் பார்த்தன. “நா குறுக்குப் பாதையில வந்துர்றேனே” என்று இழுத்தார். “ஒங்களுக்கு முன்னாடி வந்துருவேன்.” என் மனைவிக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. மிஸ்ஸின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு மட்டக்கம்பாவது, ஒன்றாவது.

பிள்ளைமடுவம் போனது. தண்ணீர்த் தாங்கி போனது. முடக்கு தெரிந்தது, பத்தடி இருக்கும்போது என் கால் வழக்கம்போல் பிரேக்கைத் தேடியது. அந்த நேரம் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். வலிக்கு நடுவில் என் மனைவி சிரிக்கிறாள்.

“என்னாங்க, மிஸ்ஸப் பாருங்க” என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். மிஸ் தன் நீலப் பூ மாஸ்க்கை வாயிலிருந்து மேலே இழுத்து, இரண்டு கண்களையும் மூடிக் கட்டியிருந்தார். கீழே மூக்கும் வாயும் திறந்து கிடந்தன. வாய் முனியாண்டியையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கை என் மனைவியின் முழங்கையை நசுக்கிக்கொண்டிருந்தது. வலி யாருக்கு என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து ரோட்டைப் பார்த்தால் முடக்கு எங்களுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கோயிலைத் தாண்டும்போது எல்லா டிரைவரும் முனியாண்டிக்கு அடிக்கிற ஹோர்னைக்கூட நான் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் வந்து மனைவியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். என்னை விடவில்லை. திரும்பி ஆட்டோவுக்கு வந்தேன். மிஸ் இன்னும் இறங்கவில்லை. மாஸ்க் இன்னும் கண்மேல்தான் இருந்தது.

“வந்துட்டோம் மிஸ்” என்றேன்.

மெதுவாக மாஸ்க்கைக் கழற்றினார். ஊர் அடங்கிய பிறகு அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. மூக்கு சிவந்து, இமைகள் வீங்கி, கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. அவருக்குத் தெரிந்த அந்த ஒருத்தர் யார் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. நாலு கிலோமீட்டர் நடையும் அட்டையும் சவர்க்காரத் துண்டும் எதற்காக என்றும் உறைத்தது. அவரிடம் கற்ற ஒரே கேள்விதான் வாயில் வந்தது.

“முடக்கு திரும்பும்போது ஒங்களுக்கு எப்பிடி இருந்திச்சு மிஸ்?”

மிஸ் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்துகொண்டார். பிறகு கையிலிருந்த நீலப் பூ மாஸ்க்கை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார்.

“நனைஞ்சிருச்சு தம்பி” என்றார்.